இல்லாத நாட்டுக்கு ஸ்டாம்ப் போட்ட எம்.பி.: ஜான் ஸ்டோன்ஹவுஸ் பற்றித் தெரிந்தவர்கள் வரவும்

#1 மூன்றுபைசா

எல்லாருக்கும் வணக்கம். நான் வழக்கமா தபால்தலைப் பகுதியைத் தாண்டி வர்றதில்லை. இன்னைக்கு ஒரு ஸ்டாம்ப் என்னை அரசியல் பகுதிக்கு இழுத்துட்டு வந்திருக்கு.

போன வாரம் ஒரு பழைய ஆல்பம் கைக்கு வந்தது. அதுல ஒரு பக்கம் முழுக்க ஒரே செட், எட்டு ஸ்டாம்ப். வங்காளத்துலயும் இங்கிலீஷ்லயும் ‘பங்களா தேஷ்’னு ரெண்டு வார்த்தையாப் பிரிச்சு அச்சாகியிருக்கு. 10 பைசாவில் நாட்டு வரைபடம். 20 பைசாவில் டாக்கா பல்கலைக்கழகப் படுகொலை. 50 பைசாவில் ஏழரைக் கோடி மக்கள். 1 ரூபாயில் கொடி (பழைய கொடி, சிவப்பு வட்டத்துக்குள்ள மஞ்சள் வரைபடம் இருக்கும்). அப்புறம் 2, 3. ஐந்து ரூபாயில் ஷேக் முஜிப். கடைசி 10 ரூபாயில் ‘ஆதரவு தாருங்கள்’னு ஒரு வேண்டுகோள். எட்டையும் கூட்டினா 21 ரூபாய் 80 பைசா.

வெளியான தேதி 1971 ஜூலை 29. பாகிஸ்தான் படைகிட்டேர்ந்து டாக்கா விடுதலையானது டிசம்பர் 16. அதாவது நாடு கைக்கு வர்றதுக்கு நாலரை மாசம் முந்தியே ஸ்டாம்ப் வந்துடுச்சு! அச்சடிச்சது லண்டன்ல. வரைஞ்சவர் பிமன் மல்லிக். காந்தி நூற்றாண்டுக்கு 1969 ஆகஸ்ட்ல பிரிட்டன் போட்ட 1 ஷில்லிங் 6 பென்ஸ் ஸ்டாம்பும் அவர் கைவேலைதான். அந்த காந்தி ஸ்டாம்ப் வந்தப்போ பிரிட்டனின் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் (தபால்துறை அமைச்சர்) யாரோ, அவர்தான் இந்த பங்களாதேஷ் ஸ்டாம்புக்கும் பின்னால் நின்னவர். லேபர் கட்சி எம்.பி. ஜான் ஸ்டோன்ஹவுஸ்.

நல்ல மனுஷனா இருக்காரேன்னு பேரைத் தேடினேன். மியாமி கடற்கரையில் துணியைக் கழட்டி வெச்சுட்டுக் காணாமல் போன எம்.பி.ன்னு வருது. ரெண்டு பேரும் ஒரே ஆளா? இல்ல பேர்ப் பொருத்தமா?

#2 கறுப்புக்காப்பி

ஒரே ஆள்தான். உங்க தலையில் இடி விழுந்த மாதிரி இருக்கும், உட்கார்ந்துக்கோங்க.

1925-ல் சவுத்தாம்ப்டன்ல பிறந்தவர். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல படிப்பு. ஐம்பதுகளின் தொடக்கத்துல உகாண்டா போய் கூட்டுறவுச் சங்க வேலை. 1957 இடைத்தேர்தல்ல வெட்னஸ்பரி தொகுதி எம்.பி. அறுபதுகள்ல விமானத்துறை, காலனித்துறை, தொழில்நுட்பம்னு படிப்படியா ஏறி 1968 ஜூலையில் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். அந்தப் பதவியில் கடைசி ஆளும் அவர்தான், 1969 அக்டோபர்ல தபால்துறையையே பொது நிறுவனமா மாத்திட்டாங்க. பார்க்க உயரமா, சினிமா ஹீரோ மாதிரி இருப்பார். வருங்காலப் பிரதமர்னு பேசினவங்க உண்டு.

1970-ல் லேபர் தோத்தது. எதிர்க்கட்சி வரிசையில் இவருக்கு முன்பெஞ்ச் இடம் கிடைக்கலை. கம்பெனி மேல கம்பெனி ஆரம்பிச்சார். எல்லாத்துலயும் கடன். 1974 நவம்பர் 20, மியாமி பீச்ல ஒரு பெரிய ஹோட்டல். நீந்தப் போறேன்னு போனவர் துணிமணியைக் கடற்கரை அறையில் விட்டுட்டு, வேற பேர்ல இருந்த பாஸ்போர்ட்டோட சான் பிரான்சிஸ்கோ, ஹவாய் வழியா ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். இங்கே மனைவி, பிள்ளைங்க, கட்சி எல்லாரும் ஆள் மூழ்கிட்டார்னே நினைச்சாங்க. காரியம் பண்ணாத குறை.

மஞ்சக் கடுதாசி கொடுக்கத் தைரியம் இல்லாதவன் பண்ற வேலை. அவ்வளவுதான் என் தீர்ப்பு.

#3 புதுசுஇங்க

கேள்வி முட்டாள்தனமா இருந்தா மன்னிக்கணும். வேற பேர்ல பாஸ்போர்ட் எப்படி வாங்கினார்? அமைச்சரா இருந்தவர் முகம் எல்லாருக்கும் தெரியுமே?

#4 மிட்லண்ட்ஸ் மலர்

இதுக்கு நான் பதில் சொல்றேன், ஏன்னா இந்தக் கதையில் என் வயிறு எரியற இடம் இதுதான். நான் இருக்கறது வால்சால் பக்கம். வெட்னஸ்பரி தொகுதியைக் கலைச்சதும் 1974-ல் அவர் வால்சால் வடக்குல நின்னு ஜெயிச்சார். வார்ப்படப் பட்டறை, தோல்பட்டறைன்னு உழைக்கிற ஜனங்க இருந்த ஊர். இங்கத்திய ஃபுட்பால் குழுவுக்குக்கூட ‘சேணக்காரர்கள்’ன்னுதான் செல்லப்பேர்.

தொகுதி எம்.பி.ங்கிற முறையில் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, சமீபத்துல இறந்துபோன, தன் வயசை ஒட்டின ஆம்பளைங்க விவரம் வாங்கினார். விதவைகளுக்கு ஏதாவது உதவி பண்ணணும்னு காரணம் சொல்லி. அப்புறம் அந்த வீடுகளுக்கே நேர்ல போனார். விதவைகள் நலன் பற்றி விசாரிக்கிற மாதிரி உட்கார்ந்து பேசிக்கிட்டே, உங்க வீட்டுக்காரர் வெளிநாடு போயிருக்காரா, பாஸ்போர்ட் வெச்சிருந்தாரான்னு மெதுவாப் பிடுங்கிட்டார். வாங்கியிருக்கலைன்னா அந்தப் பேர் இவருக்கு வசதி.

யோசிச்சுப் பாருங்க. புருஷன் செத்து ஈரம் காயலை. எம்.பி.யே வீடு தேடி வந்திருக்காரேன்னு அந்தம்மா டீ போட்டுக் கொடுத்திருப்பாங்க. பெருமையா நாலு பேர்கிட்ட சொல்லியிருப்பாங்க. கம்பெனியில் பணம் சுருட்டினதை நான் மன்னிச்சாலும் மன்னிப்பேன், இதை மாட்டேன்.

#5 கறுப்புக்காப்பி

மலர் அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். பேர் கிடைச்சதும் அந்த ஆளோட பிறப்புச் சான்றிதழ் வாங்கினார். அந்தக் காலத்துல பிறப்புப் பதிவேட்டையும் இறப்புப் பதிவேட்டையும் யாரும் ஒத்துப் பார்க்க மாட்டாங்க. இந்த ஓட்டை அப்ப விற்பனையில் பறந்த ஒரு த்ரில்லர் நாவல்ல பச்சையா எழுதியே இருந்தது!

போட்டோவைச் சான்றொப்பம் பண்ண ஒருத்தர் வேணுமே. நெய்ல் மெக்பிரைட்னு சக லேபர் எம்.பி. புற்றுநோயில் படுத்த படுக்கை. அவர் கையெழுத்தைப் போலியாப் போட்டார். பாஸ்போர்ட் ஆபீஸ் கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்காதுன்னு கணக்கு. அவரும் அந்த வருஷமே இறந்துட்டார்.

#6 மூன்றுபைசா

கேட்டிருக்கவே வேண்டாம் போல.

ஆனாலும் ஒரு கேள்வி. 1971-ல் பங்களாதேஷுக்கு அவர் பண்ணதும் பணத்துக்காகவா? ஏப்ரல் மாசமே கல்கத்தா வந்து அகதி முகாம்களைச் சுத்திப் பார்த்திருக்கார். திரும்பிப் போய் பார்லிமென்ட்ல அந்தப் படுகொலையைக் கண்டிச்சுத் தீர்மானம் கொண்டு வந்து, நூத்துக்கும் மேல எம்.பி.க்கள் கையெழுத்து வாங்கியிருக்கார். அன்னைக்கு அதனால லாபம் ஒண்ணும் இல்லையே. அமெரிக்கா, பாகிஸ்தான் ரெண்டையும் பகைச்சுக்கற காரியம்.

அதுக்கும் முன்னால, 1959-ல் ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே பக்கம்) போய், கறுப்பின மக்கள்கிட்ட இது உங்க நாடு, தலை நிமிர்ந்து நில்லுங்கன்னு பேசினதுக்காக வெள்ளை அரசாங்கம் நாடு கடத்தியிருக்கு. வேஷம் போடறவன் பத்து பன்னெண்டு வருஷமா அதே வேஷத்தைப் போடுவானா?

#7 நான்காம்தூண்

வேஷம் இல்லைன்னுதான் நானும் நினைக்கறேன். அங்கதான் கதையே சிக்கலாகுது. 1971-ல் சம்பாதிச்ச நல்ல பேரை 1972-ல் முதலாப் போட்டார், பாருங்க.

பிரிட்டிஷ் பங்களாதேஷ் டிரஸ்ட்னு ஒரு வங்கி. லண்டன்ல, பர்மிங்காம்ல ஓட்டல் வெச்சிருந்த, மில்லுல வேலை செஞ்ச வங்காளிங்க சேமிப்பைத் திரட்டி ஊருக்கும் இங்கேக்கும் பாலம் போடறதா திட்டம். நமக்காகப் பார்லிமென்ட்ல கத்தின மனுஷன்னு அவங்க நம்பினாங்க. ஆனா நினைச்ச அளவு பங்கு விற்கலை. கௌரவக் குறைச்சலா ஆயிடும்னு, தன்னோட மத்த கம்பெனிகள், தெரிஞ்சவங்க பேர்ல பங்கு வாங்க வெச்சு, அதுக்கான பணத்தை அந்த வங்கியிலிருந்தே கடனா எடுத்துக் கொடுத்தார். இடது கையிலிருந்து வலது கை. பத்திரிகைகள் மோப்பம் பிடிச்சு எழுதினதும் பெயரை லண்டன் கேப்பிட்டல் குரூப்னு மாத்தினார். ஓட்டையை அடைக்க இன்னொரு கம்பெனி, அதுக்கு இன்னொரு கடன். 1974-ல் மனைவி பேருக்குப் பணம் வர்ற மாதிரி சுமார் 1,25,000 பவுண்டுக்கு ஆயுள் காப்பீடு வேற.

தபால்துறையில் அவர் பண்ண பெரிய மாற்றமும் இந்த ரகம்தான்னு எனக்கு ஒரு எண்ணம். 1968 செப்டம்பர் 16-ல் முதல் வகுப்பு, ரெண்டாம் வகுப்புன்னு கடிதத்தைப் பிரிச்சார். முதல் வகுப்பு 5 பென்ஸ், ரெண்டாம் வகுப்பு 4 பென்ஸ். நேத்து வரைக்கும் கிடைச்ச அதே வேகத்துக்கு ஒரு பென்னி கூடக் கேக்கறாங்கன்னு ஜனங்க கடுப்பானாங்க. (இது கொஞ்சம் அநியாயமான ஒப்பீடுதான், தெரியும். அந்த முறை இன்னைக்கும் அங்க ஓடிட்டுதான் இருக்கு.)

#8 கறுப்புக்காப்பி

இல்லாத நாட்டுக்கு ஸ்டாம்ப். இல்லாத முதலுக்கு வங்கி. இல்லாத ஆளுக்கு பாஸ்போர்ட். மனுஷன் ஒரே தொழிலைத்தான் கடைசி வரை பண்ணியிருக்கார்.

#9 மூன்றுபைசா

காப்பி, வரி நல்லா இருக்கு, ஆனா தப்பு. நாடு இல்லாம இல்ல. அந்த ஜனங்க 1970 தேர்தல்ல ஓட்டுப் போட்டு முடிவு பண்ணியாச்சு. 2 ரூபாய் ஸ்டாம்ப்ல இருக்கறதே அந்தத் தேர்தல் முடிவுதான். முஜிப்நகர்ல அரசாங்கம் ஏப்ரல்லயே பதவி ஏத்துக்கிட்டது. உலகம் கண்ணை மூடிக்கிட்டு இருந்தது, அவ்வளவுதான். உறையில் ஒட்டி நாலு ஊருக்குப் போனாத்தான் அப்படி ஒரு நாடு இருக்குன்னு தெரியும்னு யோசிச்சது கெட்டிக்காரத்தனம். அதையும் செத்தவன் பேரைத் திருடினதையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

#10 கறுப்புக்காப்பி

சரி, ஸ்டாம்பை வாபஸ் வாங்கிக்கறேன். மத்த ரெண்டும் அப்படியே இருக்கட்டும்.

#11 புதுசுஇங்க

எப்படி மாட்டினார்னு யாரும் சொல்லலையே?

#12 நான்காம்தூண்

அது தனிப் படம். கையில் ரெண்டு செத்தவங்க பேர். மெல்போர்ன்ல ஒரு வங்கியில் ஒரு பேரைச் சொல்லி 21,500 ஆஸ்திரேலிய டாலர் ரொக்கமாக் கட்டினார். அதை எண்ணி வாங்கின காசாளர் பின்னாடி இவரை இன்னொரு வங்கியில் பார்த்துட்டார். விசாரிச்சா அங்கே இவருக்கு வேற பேர்! போலீசுக்குச் சொல்லிட்டார். இவ்வளவு திட்டம் போட்ட மனுஷன், பக்கத்து பக்கத்து வங்கியில் கணக்கு வெச்சது எந்தப் புத்தியோ.

போலீஸ் சில வாரம் பின்தொடர்ந்தது. அவங்களுக்கு இவர் யாருன்னே தெரியாது. அதே நவம்பர்லதான் பிரிட்டன்ல லூக்கன் பிரபு, குழந்தைங்களைப் பார்த்துக்கிட்ட பெண்ணைக் கொன்னுட்டுத் தலைமறைவானார்னு தேடிக்கிட்டிருந்தாங்க. இந்த மிடுக்கான இங்கிலீஷ்காரர் லூக்கனா இருப்பாரோன்னு சந்தேகம். 1974 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பிடிச்சதும் முதல்ல கால்சட்டையை இறக்கச் சொல்லித்தான் பார்த்தாங்களாம். லூக்கனுக்குத் தொடையில் நீளமா ஒரு தழும்பு உண்டு. இவருக்கு இல்லை.

தேடினது ஒரு பிரபுவை, கிடைச்சது ஒரு எம்.பி.

#13 வக்கீல்தாத்தா

இழையைக் காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் மெல்போர்னோடு நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன், ஏனென்றால் எனக்கு இந்த வழக்கில் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பிடிபட்ட அன்றும் அவர் எம்.பி. சிறையில் இருந்தபோதும் எம்.பி. ஆஸ்திரேலியாவில் இருந்தபடியே ஸ்வீடனிடமும் மொரீஷியஸிடமும் அடைக்கலம் கேட்டுப் பார்த்தார், அப்போதும் எம்.பி. 1975 கோடையில் நாடு கடத்தப்பட்டு பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டு பிரிக்ஸ்டன் சிறையில் அடைக்கப்பட்டார். ஜாமீன் கிடைத்ததும் நேரே அவைக்கு வந்து உட்கார்ந்தார். அக்டோபர் 20-ம் தேதி தன்னிலை விளக்கம் கொடுத்தார். மனம் உடைந்து, தன் பழைய ஆளுமையை உதறிவிட்டு இணையான வேறொரு ஆளுமைக்குள் புகுந்துகொண்டதாகச் சொன்னார். சபாநாயகர் செல்வின் லாயிட் அடிக்கொரு தரம் குறுக்கிட்டு, முன்கூட்டி ஒப்புக்கொண்ட வாசகத்தை மட்டும் படிக்கும்படி நெருக்கினார். அவையில் நெளியாதவர்கள் குறைவு.

பிரிட்டனில் எம்.பி. ஒருவர் ராஜினாமாவே செய்ய முடியாது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 1624-ல் போட்ட தீர்மானம். வெளியேற வேண்டுமானால் அரசரிடம் சம்பளப் பதவி வாங்கித் தகுதி இழக்க வேண்டும். அதற்கென்றே சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ், நார்த்ஸ்டெட் என்று வேலையே இல்லாத இரண்டு பதவிகளை வைத்திருக்கிறார்கள். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காதவரைப் பிடித்துத் தள்ள முடியாது. அவையே வெளியேற்றலாம்தான், ஆனால் தீர்ப்பு வராத வழக்கில் முந்திக்கொள்ள யாருக்கும் மனமில்லை. குழு போட்டார்கள், அறிக்கை வாங்கினார்கள், இழுத்தடித்தார்கள்.

1976 ஏப்ரலில் லண்டனின் ஓல்ட் பெய்லி குற்றவியல் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. வழக்கறிஞரை அனுப்பிவிட்டுத் தானே வாதாடினார். கூண்டில் நின்றபடி 6 நாள் பேசினார். சத்தியப் பிரமாணம் இல்லாத வாக்குமூலம், ஆகவே குறுக்கு விசாரணை கிடையாது. அந்த உரிமை அப்போது இருந்தது, பின்னால் எடுத்துவிட்டார்கள். 40 ஆண்டு கறுப்புக் கோட்டுப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: தனக்குத்தானே வக்கீலாக நின்று ஜெயித்தவனை நான் பார்த்ததே இல்லை. 68 நாள் விசாரணை. திருட்டு, மோசடி, போலி ஆவணம் என 18 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி. ஆகஸ்ட் 6-ம் தேதி 7 ஆண்டு சிறை.

இனிமேல்தான் வேடிக்கை. தண்டனை வந்த பிறகும் பதவி தானாகப் போகவில்லை! பழைய சட்டத்தில் பெருங்குற்றத்துக்கு ஓராண்டுக்கு மேல் தண்டனை என்றால் இடம் காலி. 1967-ல் பெருங்குற்றம், சிறுகுற்றம் என்ற பிரிவினையையே ஒழித்தார்கள், அதோடு இதுவும் சத்தமில்லாமல் செத்துப்போயிற்று. 1981-ல் சிறையில் உண்ணாவிரதம் இருந்த வட அயர்லாந்துக் கைதி பாபி சாண்ட்ஸ் தேர்தலில் ஜெயித்த பிறகுதான் அவசரமாக ஓராண்டு விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆக ஸ்டோன்ஹவுஸ் சிறையிலிருந்தே எம்.பி.யாக நீடித்திருக்கலாம். அவரே ஆகஸ்ட் 27-ல் விட்டுக்கொடுத்தார். அதற்குச் சில நாள் முன்னால் ப்ரிவி கவுன்சிலிலிருந்தும் (அரசருக்கு ஆலோசனை சொல்லும் மூத்த அரசியல்வாதிகள் குழு) விலகினார். 20-ம் நூற்றாண்டில் அப்படி விலகியவர்கள் மூன்றே பேர்: ப்ரொஃப்யூமோ, இவர், ஜோனதன் எய்ட்கன்.

#14 புதுசுஇங்க

ஐயா, கட்சி அவரை நீக்கவே இல்லையா?

#15 வக்கீல்தாத்தா

நீக்க முடியாத நிலைமை, தம்பி. 1974 அக்டோபர் தேர்தலில் லேபருக்கு 635-ல் 319. மூன்றே இடப் பெரும்பான்மை. 1975-ல் வூலிச் மேற்கு இடைத்தேர்தலில் ஒன்று போனது, 318. அதாவது ஒரே ஒரு ஆள் அதிகம். அந்த ஒரு ஆள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம், மியாமியில் மூழ்கி எழுந்தவராகக்கூட.

கடைசியில் 1976 ஏப்ரல் 7-ல் அவரே கட்சியை விட்டு விலகினார். ஜேம்ஸ் காலஹன் பிரதமராகி இரண்டே நாள். அவருக்கு வந்த வரவேற்புப் பரிசு, பெரும்பான்மை போன செய்தி.

#16 நான்காம்தூண்

போய்ச் சேர்ந்த இடம் எதுன்னும் சொல்லுங்க ஐயா. ஆங்கிலேய தேசியக் கட்சின்னு ஒரு உதிரிக் கட்சி! ஆப்பிரிக்க விடுதலை, கூட்டுறவு, வங்காளிகள்னு வாழ்ந்தவர் கடைசியில் ஏறின பஸ் அது.

இன்னொண்ணு. 1976 நவம்பர் 4-ல் வால்சால் வடக்கு இடைத்தேர்தல். கோட்டை மாதிரி இருந்த தொகுதியைக் கன்சர்வேட்டிவ் பிடிச்சது. 1979 மார்ச் 28, நம்பிக்கையில்லாத் தீர்மானம். 311-க்கு 310. ஒரே ஓட்டுல காலஹன் அரசு கவிழ்ந்து, தாட்சர் வந்தாங்க. வால்சால் வடக்கு லேபர் கையில் இருந்திருந்தா 310-க்கு 311. ஸ்டோன்ஹவுஸ் துணியைக் கழட்டாம இருந்திருந்தா பிரிட்டன் சரித்திரமே வேறன்னு நான் சொல்வேன்.

#17 வக்கீல்தாத்தா

தூண் தம்பி, கணக்குச் சரி, தர்க்கம் சரியில்லை. அதே நவம்பர் 4-ல் வொர்க்கிங்டனும் போயிற்று. 1977-ல் ஸ்டெச்ஃபோர்டும் ஆஷ்ஃபீல்டும் போயின. ஆஷ்ஃபீல்டில் வித்தியாசம் வெறும் 264 ஓட்டு. 1979-ல் அந்த ஓட்டெடுப்பு இரவில் லேபர் எம்.பி. சர் ஆல்ஃபிரட் ப்ரௌட்டன் மரணப்படுக்கையில் இருந்ததால் ஓட்டுப் போட வரமுடியவில்லை. ஒரே ஓட்டில் தோற்றால் எல்லாக் காரணமும் அந்த ஒரு ஓட்டுதான். அந்த 264 பேரில் பாதிப் பேரையும் கூட்டி வந்து குற்றக்கூண்டில் நிறுத்துவீர்களா?

#18 கறுப்புக்காப்பி

எல்லாரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. ஆள் செக்கோஸ்லோவாக்கியா உளவாளி. 1969-லயே தப்பி வந்த செக் உளவுத்துறை ஆள் ஜோசப் ஃப்ரோலிக் இவர் பேரைச் சொல்லிட்டார். ஓடிப்போனதே அதனாலதான்.

#19 நான்காம்தூண்

மெதுவா வாங்க. உளவு வேற, ஓட்டம் வேற.

1969-ல் விசாரிச்சாங்க, மறுத்தார், ஆதாரம் இல்லைன்னு விட்டாங்க. காணாமல் போனப்போ 1974 டிசம்பர்ல பிரதமர் ஹெரால்ட் வில்சன் அவையிலேயே எழுந்து, உளவாளிங்கறதுக்கு ஆதாரம் இல்லைன்னு சொன்னார். அது ஒரு பக்கம். 1980-ல் இன்னொரு செக் ஆள் தப்பி வந்து, ஆமாம், பணம் வாங்கிட்டுத் தகவல் கொடுத்தார்னு சொன்னார். நீதிமன்றத்துல நிக்கிற அளவு சாட்சியம் இல்லாததால தாட்சர் அரசு வழக்கும் போடலை, வெளியேயும் சொல்லலை. 2010-ன் கடைசியில் பழைய ஆவணங்கள் திறந்தப்பதான் வெளியே வந்தது. பிரிட்டன் உள்நாட்டு உளவுத்துறையான எம்.ஐ.5-இன் அதிகாரபூர்வ வரலாறும் அவர் உளவாளின்னே சொல்லுது.

மகள் ஒத்துக்கலை. அந்தம்மா பிராகா கோப்புகளைப் படிச்சுட்டு, செக் அதிகாரிங்க மேலிடத்துல பணம் கறக்க அப்பா பேரை உபயோகிச்சாங்கன்னு எழுதியிருக்காங்க. அதே குடும்பத்துல இன்னொருத்தர், பேரன் முறை, அவர் வக்கீல், நேர் எதிரா எழுதியிருக்கார். எனக்கு மகள் கட்சி கொஞ்சம் பலவீனமாத் தெரியுது. ஆனா உளவுக்குப் பயந்து ஓடினார்ங்கறதுக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. ஓட வெச்சது கடன்காரன்தான்.

#20 மிட்லண்ட்ஸ் மலர்

மனநிலை விஷயத்தை யாரும் தொடலை. நான் நர்ஸ், அதனால கேக்கறேன். அந்த வருஷங்கள்ல அவர் மேன்ட்ராக்ஸ், மொகடான்னு ரெண்டு தூக்க மாத்திரையும் அளவில்லாம எடுத்துட்டிருந்தார்னு குடும்பம் சொல்லுது. அந்த மாத்திரைங்க என்ன பண்ணும்னு எங்க வார்டுல பழைய ஆளுங்க கதை கதையாச் சொல்வாங்க. மனசு உடைஞ்சதுங்கறது முழுப் பொய்யா இருக்காது.

ஆனா உடைஞ்ச மனசு, உடைஞ்ச மாதிரியே நடந்துக்கணும் இல்லையா? மாசக்கணக்கா கையெழுத்துப் பழகி, விதவை வீட்ல டீ குடிச்சு, விமான டிக்கெட் போட்டு... நடுவுல மெல்போர்ன்லேர்ந்து கோபன்ஹேகன் பறந்து போய், காதலியா இருந்த தன் செக்ரட்டரியைப் பார்த்துட்டு மறுபடி திரும்பி வந்திருக்கார்! அந்தப் பொண்ணுக்கும் வழக்குல ரெண்டு வருஷம், நிறுத்திவைச்ச தண்டனை. உடைச்சலும் இருந்திருக்கும், கணக்கும் இருந்திருக்கும். ஒரு உடம்புல சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இருக்கற மாதிரி. ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணு இல்லைன்னு ஆயிடாது.

மூணு பைசா அண்ணா ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கும் எனக்கு இதே பதில்தான். வங்காள அகதிகளைப் பார்த்து அழுதது நிஜம். வங்காளி சேமிப்பை உருட்டினதும் நிஜம்.

#21 மூன்றுபைசா

சிறைக்கு அப்புறம் என்ன ஆனார்?

#22 மிட்லண்ட்ஸ் மலர்

உள்ளேயே பல தடவை மாரடைப்பு. இதயத்துல பெரிய ஆபரேஷன். மூணு வருஷத்துல, 1979 ஆகஸ்ட்ல விட்டுட்டாங்க. கிழக்கு லண்டன்ல ஒரு தொண்டு அமைப்புல வேலை பார்த்தார். முதல் மனைவி விவாகரத்து வாங்கிட்டாங்க. 1981-ல் அந்த செக்ரட்டரியையே கல்யாணம் பண்ணிக்கிட்டு ஒரு பையன். நாவல்கள் எழுதினார். 1988 மார்ச்ல பர்மிங்காம்ல ஒரு டி.வி. நிகழ்ச்சி நடக்கற இடத்துல மயங்கி விழுந்தார். ஏப்ரல் 14 இறந்துட்டார். வயசு 62.

இந்தத் தடவை நிஜமாவே.

#23 கறுப்புக்காப்பி

அக்கா, கடைசி வரிக்குச் சிரிச்சுட்டேன். பாவம் சேரும்.

#24 புதுசுஇங்க

அண்ணா, அந்த ஸ்டாம்ப் செட்டுக்கு இப்ப விலை என்ன இருக்கும்? எங்க தாத்தா பெட்டியிலயும் ‘பங்களா தேஷ்’னு பிரிச்சு எழுதின ரெண்டு ஸ்டாம்ப் பார்த்த ஞாபகம். ஒண்ணுல மேல கறுப்பா ஏதோ முத்திரை மாதிரி அடிச்சிருந்தது.

#25 மூன்றுபைசா

தம்பி, ஒட்டின காகிதத்தோட இருந்தா பிரிச்சுடாதே, தண்ணியில் போட்டுடாதே! சாதா செட் பெரிய விலை போகாது, நிறைய அச்சடிச்சாங்க. உறையில் ஒட்டி நிஜமாத் தபால்ல போனதுன்னாதான் மதிப்பு.

அந்தக் கறுப்பு எழுத்து, ‘விடுதலையானது’ன்னு வங்காளத்துலயும் இங்கிலீஷ்லயும் அடிச்ச மேலச்சா இருக்கலாம். டாக்கா விழுந்த சில நாள்லயே மூணு மதிப்புல மட்டும் அப்படி அடிச்சாங்க: 10 பைசா, 5 ரூபாய், 10 ரூபாய். அதுல போலி உண்டு, பார்த்து. உன்கிட்ட இருக்கறது எந்த மதிப்புன்னு சொல்லு, முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் ஸ்கேன் பண்ணி தபால்தலைப் பகுதியில் போடு. பின்பக்கப் பசை எப்படி இருக்குன்னு எனக்குப் பார்க்கணும்.